அரபி படிக்க வெளிநாடு போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

மேலூர் மாணவி: அரபியிலயே பேசிப் படிக்கிற பயிற்சிக்கு எகிப்துல கெய்ரோ நல்லதா, ஜோர்டான்ல அம்மான் நல்லதா சார்?

2011 வரைக்கும் சிரியாவுல டமாஸ்கஸுக்குத்தான் கூட்டம் போச்சு. போர் வந்ததும் நிறைய பேர் அம்மானுக்கு மாறிட்டாங்க. கெய்ரோவுல செலவு குறைவு. ரெண்டுமே நல்ல ஊருதாம்மா. ஆனா எங்க போனாலும் தமிழ்க்காரங்களோட ரூம் எடுக்காத. வகுப்புல அரபி, ரூமுக்கு வந்தா விடிய விடிய தமிழ்னா விமான டிக்கெட் காசு வீண். அம்மான்ல ரொட்டியைக் கிலோ கணக்குலதான் விப்பாங்க. வரிசையில நின்னு "நுஸ் கிலோ"ன்னு அரைக் கிலோ கேளு. கடைக்காரர் திருப்பி ஏதாவது கேப்பார், புரியாது. மறுநாளும் அதே கடைக்குப் போ. வாய் திறக்குறது அங்கதான்.

வில்லாபுரம் வாசகர்: எத்தனை மாசத்துல சரளமா பேசலாம்?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு அரபி கத்துக்கொடுக்க ஒதுக்குறது 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம். மூணு மாசத்துல சரளம்னு விளம்பரம் வந்தா பணம் கட்டாதீங்க.

காஜிமார் தெரு வாசகர்: சின்ன வயசுலருந்து குர்ஆன் ஓதுறேன் உஸ்தாத். முதல் நிலையைத் தாண்டிரலாமா?

எழுத்தும், ஐன், ஹா மாதிரி கஷ்டமான எழுத்துகளோட உச்சரிப்பும் உங்களுக்குக் கைவந்திருக்கும், அது பெரிய பலம். இலக்கணம் தனியா படிக்கணும். மதீனா பல்கலைக்கழகத்துல பிறமொழிக்காரங்களுக்குப் பாடநூல் எழுதின டாக்டர் வி. அப்துர் ரஹீம் நம்ம வாணியம்பாடிக்காரர். அந்தப் பாடத்தை இங்கயே முடிச்சுட்டுப் போங்க.

உசிலம்பட்டி வாசகர்: ஃபுஸ்ஹாங்கிற எழுத்து அரபி வேஸ்ட்டுண்ணே. தெருவுல யாரு பேசுறா? குவைத்துல வேலை பார்த்தே நான் அரபி கத்துக்கிட்டேன்.

உங்க உழைப்பை மதிக்கிறேன் தம்பி. ஆனா "இப்ப"ங்கிறதுக்குக் கெய்ரோவுல தில்வஅத்தி, அம்மான்ல ஹல்ல, மொராக்கோவுல தாபா. ஒரு ஊர்ப் பேச்சை வச்சுக்கிட்டு இன்னொரு ஊர்ல தடுமாறுவீங்க. செய்தி, கோர்ட்டு, ஒப்பந்தம் எல்லாமே ஃபுஸ்ஹாதான்.

அவரே மறுபடி: ஒப்பந்தத்தைத்தான் இங்கிலீஷ்லயும் தர்றாங்களே?

தரட்டும். தகராறுன்னு வந்தா குவைத் தொழிலாளர் சட்டப்படி அரபி வாசகம்தான் செல்லும். சம்பளம், லீவு, ஊர் திரும்ப டிக்கெட் எல்லாம் அதுலதான் இருக்கு. வாசிக்கத் தெரியாம கையெழுத்துப் போட்டுட்டு அழுதவங்களை நம்ம பக்கத்துல எத்தனை வீட்டுல பாக்குறோம்! தெருப்பேச்சை விடச் சொல்லல. காலையில ஃபுஸ்ஹா படிங்க, சாயந்திரம் தெருவுல பேசுங்க. ஒண்ணு இருந்தா போதும்னு மட்டும் சின்னப் பிள்ளைங்ககிட்டச் சொல்லாதீங்க.

திருமங்கலம் வாசகர்: ஆறு மாசத்துல வந்துருமா?

மேல சொல்லிட்டேன். 88 வாரம்.

சிம்மக்கல் வாசகர்: நண்பர்கள் மூணு பேர் சேர்ந்து போறோம், ஒரே வீடு...

வேண்டாம். ஆளுக்கு ஒரு வீடு.

அனுப்பானடி வாசகர்: விசாவுக்கு எந்த ஏஜென்ட் நல்லவர்?

விசா என் விஷயம் இல்ல. அந்தந்த நாட்டுத் தூதரகத்துல கேளுங்க. விசிட் விசாவுல போங்க, அங்க மாத்திக்கலாம்னு சொல்றவர் கையில பாஸ்போர்ட்டைக் குடுத்துராதீங்க.