செவிலியர் கேள்வி-பதில்: அட்டெண்டர்தான் நர்ஸா?

இந்த முறை கடிதங்களில் பாதி, வார்டில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்கள் (ஆஸ்பத்திரி பாஷையில் 'அட்டெண்டர்') எழுதியவை. மீதி மாணவிகளும் ஸ்டாஃப் நர்ஸ்களும். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி "இது சரிதானா?" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை 1.4 கிலோ. எடை ஏறிய பிறகுதான் நெஞ்சோடு அணைத்து வைக்க வேண்டும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நர்ஸோ இப்போதே வைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? — ஒரு பாட்டி, தஞ்சாவூர்

நர்ஸ் சொல்வதுதான் சரி அம்மா. இப்படி நெஞ்சோடு அணைத்து வைப்பதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர், 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஆரம்பித்தது. இன்குபேட்டர் போதவில்லை, எட்கர் ரேய் என்ற டாக்டர் தாயின் நெஞ்சையே இன்குபேட்டர் ஆக்கினார். குழந்தையின் நிலைமை சீரான பிறகுதான் வைக்க வேண்டும் என்றுதான் வெகுகாலம் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது அந்தப் பழைய பாடம்.

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நம் பக்கம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை உள்ள சுமார் 3,200 குழந்தைகள். பிறந்த உடனேயே நெஞ்சோடு வைத்தவர்களில் முதல் 28 நாளில் இறந்தது நூற்றுக்கு 12. நிலைமை சீராகட்டும் என்று காத்திருந்தவர்களில் 16. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையும் மாற்றிக்கொண்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்த ஆய்வில் தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருந்தார்கள், நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரம் தோலோடு தோலாக. தாயை இரண்டாம் மாடியிலும் குழந்தையைத் தரைத் தளத்திலும் வைத்துவிட்டு அரை மணி நேரம் அணைக்கச் சொல்வது வேறு கணக்கு. ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது விடுங்கள். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும் போதும். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து மடங்காமல், மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மகளுக்கு முடியாத நேரத்தில் நீங்களும் வைத்துக்கொள்ளலாம், மருமகனும் வைத்துக்கொள்ளலாம். சளி, காய்ச்சல் இருந்தால் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

அப்பாவுக்கு முதுகில் புண். நல்ல ஆயின்மென்ட் சொல்லவும். அவசரம். — சேலம்

அவசரம் என்று எழுதத் தெரிந்தவருக்கு அப்பாவின் வயது, சர்க்கரை உண்டா, எத்தனை நாளாகப் படுக்கையில் இருக்கிறார், புண் எவ்வளவு ஆழம் என்று எழுதத் தோன்றவில்லை. ஆயின்மென்ட் பெயர் நான் சொல்லப்போவதில்லை. படுக்கைப் புண்ணுக்கு முதல் மருந்து புரட்டிப் படுக்க வைப்பது. ஒரேயடியாகப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிடுங்கள்.

தோல் இன்னும் உடையாத இடத்தில் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாக இருக்கிறதா, கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ஸ்பிரிட், பவுடர், வளையம் மாதிரி நடுவில் ஓட்டை போட்ட குஷன் எதுவும் வேண்டாம். நாற்றமோ கறுப்போ இருந்தால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வருகிறார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கையுறை போட்டால் கை கழுவத் தேவையில்லைதானே?

கழுவ வேண்டும். போடும் முன்பும், கழற்றிய பிறகும்.

ஐசியுவில் அம்மாவைக் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள். 'இன்ஃபெக்‌ஷன் வரும்' என்கிறார்கள். உண்மையா? — கோவை

பிரேசிலில் 36 ஐசியுக்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். குடும்பத்தினரை நாளுக்கு 12 மணி நேரம் வரை விட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவில் நாலரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. தொற்று கூடவில்லை. நர்ஸ்களின் களைப்பும் கூடவில்லை. நோயாளியின் மனக்குழப்பம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அது குறிப்பிடும்படி குறையவில்லை. குடும்பத்தினரின் பதற்றமும் மனச்சோர்வும்தான் குறைந்தன. அவர்கள் 'கட்டுப்பாடு' என்று வைத்திருந்த நேரமே நம் ஊரில் ஒரு வாரத்துக்குக் கொடுக்கும் நேரத்தைவிட அதிகம். ஆனால் அங்கே உறவினர்களுக்கு முதலில் ஒரு வகுப்பு எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். பையோடும் பழத்தோடும் பத்துப் பேராக நுழைவதற்கு நான் சிபாரிசு செய்யவில்லை.

அப்பா பக்கவாதம் வந்து தனியார் மருத்துவமனையில் இருக்கிறார். மூக்கு வழி டியூபில் கஞ்சி ஊற்றுவது, யூரின் பேக் காலி செய்வது, புரட்டுவது எல்லாம் நாங்கள்தான். முதல் நாள் ஒரு சிஸ்டர் ஒரு தடவை செய்து காட்டினார், அவ்வளவுதான். கேட்டால் 'ஃபேமிலி சென்டர்ட் கேர், இப்ப உலகம் பூரா இப்படித்தான்' என்கிறார்கள். அப்படியா? — மதுரை

அப்படி இல்லை தம்பி. அது ஆள் பற்றாக்குறைக்கு வைத்திருக்கும் கௌரவமான பெயர். இதைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், திரும்பவும் எழுத வைக்கிறார்கள்.

குடும்பம் சார்ந்த பராமரிப்பு உண்மையில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். எஸ்தோனியாவின் தாலின் நகரில் 1979-இல் அடிக் லெவின் என்ற டாக்டர் பச்சிளங்குழந்தை வார்டில் தாய்மார்களையே பராமரிக்க வைத்தார். அங்கேயும் நர்ஸ் பற்றாக்குறைதான், ஒளிக்கவில்லை. ஆனால் பால் கொடுப்பது, துடைப்பது மாதிரியான வேலை தாயிடம். ஊசியும் டிரிப்பும் நர்ஸிடம். அதை வைத்துக் கனடாவில் ஒரு முறையை உருவாக்கி, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 வார்டுகளில் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் மன அழுத்தம் குறைந்தது. அங்கே முதலில் பயிற்சி கொடுத்தது நர்ஸ்களுக்கு. எப்படிச் சொல்லித்தருவது என்று அவர்கள் கற்றுக்கொண்ட பிறகுதான் பெற்றோருக்கு வகுப்பு. நம் மத்திய அரசும் 2017-இல் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு இதே மாதிரி ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. எங்குமே நர்ஸைக் கழித்துவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்லவில்லை.

சரி, உங்கள் அப்பாவின் நோய்க்கே வருவோம். பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சிகளைக் குடும்பத்தினரே கற்று வீட்டில் செய்தால் பலன் உண்டா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2017-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களையும், கூடுதலாகக் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்தவர்களையும் ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால், இறந்தவர்களும் பிறர் தயவில் இருப்பவர்களுமாகச் சேர்த்து இரு பக்கமும் 47 சதவீதம். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. இது குடும்பங்களைக் குறை சொல்லும் முடிவு அல்ல. நன்றாகத் திட்டமிட்டு, ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்த ஆய்விலேயே இவ்வளவுதான். ஒரு தடவை செய்து காட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு, போதனா மருத்துவமனை வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்துக்கு ஒன்று. நைட் டியூட்டியில் ஒரு வார்டை ஒரே பெண் பார்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இத்தனையையும் வைத்து அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு அல்ல. ஆனாலும் இந்தத் தொடர்பை அலட்சியம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2004-லேயே நர்ஸ் எண்ணிக்கையைச் சட்டமாக்கி நடைமுறைப்படுத்திவிட்டது. நம் ஊரில் "பெட் 12 அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிட்டால் முடிந்தது.

அந்த அட்டெண்டர் யார் தெரியுமா? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பவள். பகல் கூலி போனதைக் கேஸ் ஷீட்டில் யாரும் எழுதுவதில்லை. டியூப் நழுவி நுரையீரலுக்குள் கஞ்சி போய்விட்டால் "அட்டெண்டர் ஊற்றினார்" என்பது மட்டும் ஞாபகமாக எழுதப்படும். இது நர்ஸ் மீதான கோபம் இல்லை. அந்தப் பெண்ணும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆள் போடாத நிர்வாகத்தின் மீதான கோபம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டியூபில் ஊற்றும் ஒவ்வொரு முறையும் அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று நர்ஸ் வந்து பார்த்த பிறகே ஊற்றுங்கள். மூக்கருகே டியூபில் போட்ட குறி வெளியே நகர்ந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே. இருமினாலோ, மூச்சு திணறினாலோ, முகம் நீலம் பூத்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். யூரின் பேக் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. காலி செய்யும் முன்னும் பின்னும் கையைக் கழுவுங்கள். சளி உறிஞ்சுவது, டிரிப் வேகத்தை மாற்றுவது, டிரிப் பாட்டில் மாற்றுவது: யார் சொன்னாலும் செய்யாதீர்கள். "நீங்க செய்யறப்ப நான் பாக்கறேன், அப்புறம் நான் செய்யறேன், நீங்க பாருங்க" என்று நர்ஸிடம் கேளுங்கள். வீட்டுக்குப் போனால் இதே வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது, அதனால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சொல்லிக்கொடுத்த தேதியையும் நர்ஸின் பெயரையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கேஷுவால்ட்டியில் சிபிஆர் (நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்துவது) செய்யும்போது மகன் உள்ளே நிற்பேன் என்று அடம்பிடித்தார். விடலாமா? — ஸ்டாஃப் நர்ஸ், திருநெல்வேலி

பிரான்சில் ஆம்புலன்ஸ் குழுக்கள் வீட்டில் சிபிஆர் செய்தபோது, "பார்க்கிறீர்களா?" என்று கேட்டு அனுமதித்துப் பார்த்தார்கள். 570 உறவினர்கள், 2013-இல் வெளியானது. கேட்டு அனுமதித்த பக்கத்தில் உறவினர்களுக்குப் பிற்பாடு மன அதிர்ச்சி அறிகுறிகள் குறைவு. சிகிச்சைக்கும் இடைஞ்சல் இல்லை. உங்கள் கேஷுவால்ட்டியில் ஒருவரை மட்டும் விடுங்கள், அவர் பக்கத்தில் நின்று நடப்பதைச் சொல்ல ஒரு ஸ்டாஃப் இருந்தால் மட்டும். ஆள் இல்லை என்றால் வேண்டாம். அந்த ஆய்வு வீட்டில் நடந்தது, இருபது பேர் கதவைத் தள்ளும் இடத்தில் அல்ல.

எங்கள் கல்லூரியில் வார்டு போஸ்டிங்கைக் குறைத்துவிட்டு பொம்மை வைத்து லேபிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். இது போதுமா? — பிஎஸ்சி மூன்றாம் ஆண்டு மாணவி

அமெரிக்காவில் 10 கல்லூரிகளில், 650-க்கு மேற்பட்ட மாணவர்களிடம் பார்த்தார்கள், 2014. வார்டு நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு மாற்றினாலும் தேர்ச்சியில் வித்தியாசம் இல்லை. உங்கள் கல்லூரி இதைக் காட்டும், தெரியும். ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உட்காரவைத்து அலசிப் பேசுவது எல்லாம் உண்டு. அறுபது பேருக்கு ஒரு பொம்மை, அதுவும் பூட்டிய அலமாரியில் இருந்தால், அந்த ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது.

ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து வேலையில் இருக்கிறேன். போஸ்ட் பேசிக் பிஎஸ்சி என்ற பட்டப்படிப்பு படிப்பதால் நோயாளிக்கு என்ன லாபம்?

மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்விலேயே பதில் இருக்கிறது. பட்டம் பெற்ற நர்ஸ்கள் 10 சதவீதம் கூடினால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. இதுவும் தொடர்புதான், காரணம் அல்ல. இரண்டு வருடம்தானே, படியுங்கள்.

மேடம், எம்எஸ்சி தீசிஸுக்கு ஒரு டாபிக் அனுப்புங்கள். நாளைக்குள் வேண்டும்.

அனுப்ப மாட்டேன். அனுப்பாவிட்டாலும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும்: 'தேர்ந்தெடுக்கப்பட்ட' ஒரு மருத்துவமனையில் 60 பேரைப் பிடித்து, கேள்வித்தாள் கொடுத்து, ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்து, அதே கேள்வித்தாளை ஏழாம் நாள் திரும்பக் கொடுத்து, அறிவு கூடியது என்று எழுதுவீர்கள். கூடாமல் எங்கே போகும்? ஒப்பிட வேறு குழு இல்லை, நோயாளிக்கு என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. நூலகத்தில் இந்த மாதிரி தீசிஸ் அலமாரி அலமாரியாக இருக்கிறது.

மதுரைக்காரர் கடிதத்தைப் படியுங்கள். டியூபோடு டிஸ்சார்ஜ் ஆனவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் நிமோனியாவோடு (நுரையீரல் சளிக்காய்ச்சல்) திரும்ப வந்தார்கள், வீட்டில் ஊற்றுபவர் யார், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது. உங்கள் வார்டு ரெஜிஸ்டரும் ஒரு போனும் இருந்தால் ஆரம்பிக்கலாம். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிவிட்டு. நாளைக்குள் முடியாது.