டியூட்டி நேரமும் வார்டில் ஒரு நோட்டும்

மதிப்புக்குரிய சார்,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் எம்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் யூனிட் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் அட்மிஷன் நாள் என்றால் காலை எட்டு மணிக்கு உள்ளே போகிறவன், மறுநாள் ரவுண்ட்ஸ் முடிந்து மதியத்துக்கு மேல்தான் வெளியே வருவேன். போன மாதம் ‘மருத்துவர்களின் ஈடுபாடு குறைந்துவருகிறது’ என்று சொல்லி நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தது. இரவு டியூட்டி முடித்தவர்களும் கட்டாயம் வரவேண்டும் என்று சர்க்குலர். உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் முறையிட்டேன். “நாங்க பார்க்காத டியூட்டியா? நேரத்தைக் குறைச்சா நீங்க எதையும் கத்துக்க மாட்டீங்க, பேஷன்டுக்கும் ஆபத்து” என்றார். அதில் உண்மை இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அந்த வாதம் இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது.

‘நாங்க பார்க்காத டியூட்டியா’ என்பதை முதலில் தள்ளிவிடலாம். மருத்துவமனையே கதியென்று கிடந்து கற்கும் இந்த முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர், 1889இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட். அறுவை சிகிச்சையில் மேதை. கோகெய்னுக்கும் பிறகு மார்ஃபினுக்கும் அடிமையாக இருந்தவரும்கூட. அவர் காலத்து உழைப்பை இன்றைய பிள்ளைகளுக்கு அளவுகோலாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

விதிகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992இலேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் ‘நியாயமான பணி நேரம்’ என்கின்றன. எத்தனை மணி நேரம் நியாயம் என்பது டியூட்டி சார்ட் போடுகிறவர் மனசைப் பொறுத்தது! அதே ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல்தான் வாரத்துக்கு 74 மணி நேரம் என்று ஓர் எண்ணைச் சொன்னது. அதுவும் பரிந்துரைதான்.

இனி அந்தப் பாதி உண்மை. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் சேர்ந்த சில மணி நேரத்திலேயே இறந்தாள். ஏற்கெனவே அவள் சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக் கூடாத ஊசி போடப்பட்டிருந்தது. பார்த்துக்கொண்டவர்கள் இரு பயிற்சி மருத்துவர்கள். அதில் ஒருவருக்கு அன்றிரவு வேறு நோயாளிகளும் ஏராளம். அதன் விளைவாக அந்த மாநிலத்தில் 1989இல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. ஆனால் அதற்கான குழுவுக்குத் தலைமை வகித்த பெர்ட்ரண்ட் பெல், மணி நேரத்தைவிட இரவில் மூத்த மருத்துவர் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம் என்று பின்னால் வாதாடினார். எனக்கு அவர் கட்சிதான் சரியென்று படுகிறது.

2004இல் பாஸ்டனில் நடந்த தீவிர சிகிச்சைப் பிரிவு ஆய்வில், 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய டியூட்டி முறையில் பயிற்சி மருத்துவர்களின் கடுமையான தவறுகள், நேரம் குறைத்த முறையைவிட ஏறத்தாழ 36 சதவீதம் அதிகம். 2019இல் வெளியான, 63 பயிற்சித் திட்டங்களை ஒப்பிட்ட ஆய்விலோ, ஷிஃப்ட் நீளத்துக்கு வரம்பு வைத்த இடத்திலும் தளர்த்திய இடத்திலும் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. உங்கள் உதவிப் பேராசிரியர் இதைக் காட்டினால், இரு பக்கமும் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்குள்தான் வேலை பார்த்தார்கள் என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நேரத்தைக் குறைத்தால், டியூட்டி முடிக்கிற டாக்டர் நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கைமாற்றங்கள் கூடும். விவரம் விட்டுப்போவது அங்கேதான். காலை எட்டு மணிக்கு நம் வார்டுகளில் நடப்பதைப் பாருங்கள். போகிறவர் பையை மாட்டிக்கொண்டே, “பதினாலாம் பெட்டுக்கு சோடியம் ரிசல்ட் வரணும், தரையில படுத்திருக்கிற தாத்தாவை கொஞ்சம் பாத்துக்கோங்க” என்கிறார். தரையில் மூன்று தாத்தாக்கள். எந்தத் தாத்தா, எதற்காகப் பார்க்கணும், மூச்சு வாங்கினால் என்ன செய்யணும்? ஒன்றும் இல்லை. இந்தக் கைமாற்றத்தை ஒழுங்கான படிவமாக்கிப் பயிற்சி கொடுத்த ஒன்பது மருத்துவமனைகளில், தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. நமக்கு அதற்கு வேண்டியது வருகிறவரும் போகிறவரும் சேர்ந்து இருக்கும் கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வரும்? ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017இல் ஊழியர்களிடம், கம்ப்யூட்டர் பதிவேட்டில் அர்த்தமில்லாத வேலை எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று கேட்டது. வளரிளம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஒருவர், தொப்புள்கொடியின் நிலையைக் குறிக்கும் கட்டம் அவர்கள் பதிவேட்டிலும் வருகிறதே என்றார். எடுத்துவிட்டார்கள். வேலை செய்கிறவரிடம் கேட்டு, சொன்னதை உடனே செய்து காட்டினார்கள் பாருங்கள், உங்கள் சர்க்குலர் தேடுகிற ஈடுபாடு அப்படித்தான் வரும்.

நீங்களும் ஒரு வாரம் வார்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். லேப்புக்கு ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு ஓடியது, ஸ்ட்ரெச்சர் தள்ளியது, காப்பீட்டுத் திட்டத்துக்காக ஒரே விவரத்தை மறுபடி மறுபடி ஏற்றியது என்று, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலையை நேரத்தோடு அதில் எழுதுங்கள். ஹவுஸ் சர்ஜன்களும் வார்டு சிஸ்டர்களும் எழுதட்டும். சிஸ்டர்களின் பட்டியல் உங்களுடையதைவிட நீளமாக இருக்கும், தயாராக இருங்கள். பிறகு யூனிட் சீஃபிடம் எல்லோருமாகப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், டீனிடம் நேராகவும் போகாதீர்கள். உங்கள் தீசிஸில் இன்னும் கையெழுத்து விழவில்லை.