எஃப்12-க்குப் பிறகும் விசைகள் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

கே: எஃப்1 முதல் எஃப்12 வரை பன்னிரண்டும் என் மென்பொருளுக்கே சரியாகப் போய்விட்டன. இன்னும் அதிக ஃபங்ஷன் விசைகள் உள்ள கீபோர்டைத் தேடினால், ஒலியைக் கூட்டவும் பாட்டை நிறுத்தவும் விசை வைத்தவைதான் வருகின்றன. வேறு வகை உண்டா?

ப: உண்டு. ‘கூடுதல் விசைகள்’ என்று தேடாமல் ‘122 கீ’ என்று தேடுங்கள். பெரிய கணினியோடு இணைத்த திரையும் கீபோர்டுமான ஐ.பி.எம். டெர்மினல்களுக்காக வந்த அமைப்பு அது. மேலே இரண்டு வரிசையாக எஃப்24 வரை, இடது ஓரத்தில் தனியாகப் பத்து விசைகள். யூனிகாம்ப் நிறுவனத்தின் 122 விசைப் பலகைகளில் யூ.எஸ்.பி. இணைப்பு உண்டு. வாங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எஃப்13-ஐ அழுத்தினால் உண்மையிலேயே எஃப்13 போகிறதா? சில பலகைகளில் ஷிஃப்ட்+எஃப்1 தான் போகும். அப்படியென்றால் கூடுதலாக ஒரு விசையும் கிடைத்ததாகாது.

பழைய ஐ.பி.எம். 122 விசைப் பலகை ஒன்று மலிவாக வந்தால், படத்தில் முதலில் ஒயரின் நுனியைப் பாருங்கள். நெட்வொர்க் ஒயர் போன்ற சதுர முனையோ, ஐந்து ஊசி வட்ட முனையோ இருந்தால் அது பெரும்பாலும் டெர்மினல் பலகை. வெறும் அடாப்டர் மாட்டினால் வேலை செய்யாது. அது அனுப்பும் ஸ்கேன் கோடு (விசைக்குரிய எண்) வரிசையே வேறு. ஏடிமெகா32யு4 சிப் உள்ள சிறு போர்டில் சோரர்ஸ் கன்வர்ட்டர் என்ற மாற்றி நிரலை ஏற்றி, கீபோர்டுக்கும் கணினிக்கும் இடையில் வைக்க வேண்டும்.

கடை கல்லாவுக்கென்று செர்ரி, ப்ரே போன்றவை செய்த பலகைகளும் நல்லவை. கண்ணாடி போன்ற மூடியைக் கழற்றி, எழுதிய காகிதச் சீட்டை உள்ளே வைத்து மூடலாம். எந்த விசை எதற்கென்று மறக்கவே மறக்காது. ஆனால் பழைய மாடல்களுக்கான அமைப்பு மென்பொருள் இன்றைய விண்டோஸில் ஓடுமா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், பெரும்பாலோருக்கு என் பரிந்துரை வேறு. இருக்கும் கீபோர்டை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் 6 முதல் 24 விசைகள் உள்ள மேக்ரோ பேட் (நாமே வேலை அமைத்துக்கொள்ளும் சிறு விசைப் பலகை) ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு எந்த இடைஞ்சலும் வராது.

கே: ‘புரோகிராமபிள்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். வீட்டில் வேலை செய்கிறது, அலுவலகக் கணினியில் செருகினால் சாதாரண கீபோர்டாகிவிடுகிறது. ஏன்?

ப: நீங்கள் செய்த அமைப்பு கீபோர்டில் இல்லை, வீட்டுக் கணினியில் இருக்கிறது. உடன் வந்த மென்பொருள் ஓடினால்தான் அந்த விசைகளுக்கு உயிர். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்: அமைப்பு பலகையின் நினைவகத்திலேயே பதிகிறதா? கியூ.எம்.கே. என்ற உள் நிரலில் இயங்கி, வயா அல்லது வயல் என்ற அமைப்பு மென்பொருள் மூலம் மாற்றக்கூடிய பலகைகளில் பதியும். எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே வரும்.

வயா இணையப் பக்கமாகவே திறக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் ஓடும், ஃபயர்பாக்ஸில் ஓடாது. பலகையை அது அடையாளம் காணாவிட்டால் தயாரிப்பாளர் தரும் ஜேசான் (பலகையின் விவரம் உள்ள) கோப்பை ‘டிசைன்’ பகுதியில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பைத் தராத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

கே: கூடுதல் விசைகளுக்கு என்ன அமைப்பது நல்லது? கன்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கைகளை வைத்தேன், வேறு மென்பொருள்களோடு மோதுகின்றன.

ப: எஃப்13 முதல் எஃப்24 வரை வையுங்கள். யூ.எஸ்.பி. தரத்திலும் விண்டோஸிலும் இந்தப் பன்னிரண்டுக்கும் இடம் இருக்கிறது. அனுப்பத்தான் சாதாரண பலகையில் விசை இல்லை. அதனால் மோதலும் குறைவு. பிறகு விசைகளுக்கு வேலை சொல்லும் ஆட்டோஹாட்கீ என்ற விண்டோஸ் மென்பொருளில், எஃப்13 வந்தால் இதைச் செய் என்று எழுதிக்கொள்ளலாம். அட்மினாகத் திறந்த ஜன்னலில் மட்டும் விசை வேலை செய்யாவிட்டால், ஆட்டோஹாட்கீயையும் அட்மினாக ஓட்டுங்கள்.

சில விலக்குகள் உண்டு. புதிய மடிக்கணினிகளின் கோபைலட் விசை, விண்டோஸ்+ஷிஃப்ட்+எஃப்23 என்றே அனுப்புகிறது. மேக்கில் எஃப்14, எஃப்15 திரை வெளிச்சத்தை மாற்றும். அமைப்பில் போய் நிறுத்திவிடலாம். லினக்ஸில் எஃப்13-க்கு ‘டூல்ஸ்’ என்றும், எஃப்20-க்கு மைக் நிறுத்தம் என்றும் வேறு பெயர் விழுந்திருக்கும். விசை செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கே: மேக்ரோவில் (ஒரே விசையில் பதிந்த தொடர் தட்டல்களில்) பதிந்த ஆங்கில முகவரி, சில நேரம் புரியாத தமிழ் எழுத்துகளாக விழுகிறது. சில நேரம் எழுத்துகள் விடுபடுகின்றன.

ப: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினி. தமிழ்99 தட்டச்சு முறை இயக்கத்தில் இருக்கும்போது மேக்ரோ ஹெச், ஜே, கே என்று தட்டினால், திரையில் க, ப, ம என்றுதான் விழும். எனவே வரிகளைப் பலகையில் பதியாதீர்கள். பலகை எஃப்13 மட்டும் அனுப்பட்டும், வாசகம் ஆட்டோஹாட்கீயின் ‘சென்ட்டெக்ஸ்ட்’ கட்டளையில் இருக்கட்டும். தமிழ் வரிகளும் இப்படியே வரும். ஆட்டோஹாட்கீ கோப்பை, தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்க வேண்டும். இன்னொரு லாபம்: ஏடிமெகா32யு4 சிப்பில் அமைப்புகளுக்கு உள்ள நிரந்தர நினைவகம் மொத்தமே 1,024 பைட். நீண்ட பத்திகள் அதில் அடங்கா.

எழுத்து விடுபடுவது வேகத்தால். மேக்ரோ தட்டுவதை, குறிப்பாகத் தொலைக் கணினி இணைப்பில், மறுபக்கம் வாங்கிக்கொள்ள முடிவதில்லை. விசைக்கு விசை 10 முதல் 20 மில்லிசெகண்ட் இடைவெளி கொடுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கூட்டுங்கள்.

கே: கடவுச்சொல்லை ஒரு விசையில் வைக்கலாமா?

ப: வேண்டாம். வயாவில் பதிந்த மேக்ரோ மறைக்கப்படுவதில்லை. பலகையை எடுத்து வேறு கணினியில் செருகுபவர் அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிடலாம்.