வாகனம் கேள்வி–பதில்: இற்றுப்போன அடிச்சட்டத்தை மீட்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. அப்பா 1966-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், அவர் காலத்துக்குப் பிறகு தென்னந்தோப்புக் கொட்டகையில் உர மூட்டைகளுக்கு நடுவே பல வருடங்கள் நின்றுவிட்டது. இப்போது அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறேன். என்ஜின் சுற்றுகிறது, ஆனால் அடியில் இடது பக்கச் சட்டத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன. பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்காரர், ஐந்து மில்லிமீட்டர் தகட்டை மேலே வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், பழைய ஜீப் சேஸிஸ் (அடிச்சட்டம்) ஒன்றை வாங்கி அதன்மேல் பாடியை ஏற்றிவிடலாம் என்கிறார். ஐயா, எது சரி? ஆர்.சி. புத்தகத்தில் சிக்கல் ஏதும் வருமா? – ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டு யோசனைகளையும் ஒதுக்கிவிடுங்கள். முதலாவது துருவை மூடி வைக்கிறது. இரண்டாவது உங்கள் அப்பாவின் காரை வேறு காராக்கிவிடுகிறது. இற்றுப்போன இரும்பை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில், அதே வடிவத்தில் புதுத் தகடு வைப்பதுதான் முறை. ஹெரால்டில் அது முடியக்கூடிய வேலை.

சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் வழிவந்தது. சிறிய கார்களெல்லாம் பாடியும் சட்டமும் ஒன்றான ஒற்றைக் கூடாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் பாடி அடித்துக் கொடுத்துவந்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், ஸ்டாண்டர்டு–டிரையம்ப் நிறுவனத்தார் தனி அடிச்சட்டம் செய்து, பாடியைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். அன்று அவர்கள் வேறு வழியின்றிச் செய்ததால், இன்று நீங்கள் பாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டத்தை நாலு பக்கமும் நின்று பார்க்க முடிகிறது.

முதல் வேலை தண்ணீர். தென்னைக்கு வைக்கும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அது உப்புதான். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் உங்கள் இடது பக்கச் சட்டத்தில் பார்க்கிறீர்கள். இந்த உப்பைப் போக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் துரு அடியிலிருந்து மறுபடி கிளம்பும். ஆகவே சுத்தியலைத் தொடுவதற்கு முன், பெட்டிச் சட்டத்தின், அதாவது நாலு பக்கமும் தகடு மூடி உள்ளே வெற்றிடமாக இருக்கும் சட்டத்தின், உட்புறத்துக்குள்ளும் குழாயை விட்டு, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

பிறகு சோதனை. சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தைக் கூர்மையான குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். பெட்டிச் சட்டம் உள்ளிருந்துதான் அரிக்கும் என்பதால், வெளியே தெரியும் ஓட்டையைவிடச் சேதம் எப்போதும் பெரிதாக இருக்கும். போனில் மாட்டும் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது நல்லது. ஹெரால்டில் நடுவே நீளவாட்டில் இரண்டு பிரதானச் சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் பாடியைத் தாங்குகின்றன. சேறு அப்பிக்கொள்ளும் இந்தக் கைகளும் அவற்றை இணைக்கும் ஓரச் சட்டமும்தான் பெரும்பாலும் முதலில் போகும். அவற்றைப் புதிதாகச் செய்து வைக்கலாம். முன் சஸ்பென்ஷன் உட்காரும் இடமோ, பின்னால் டிஃபரன்ஷியலை (என்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) தாங்கும் பகுதியோ இற்றிருந்தால் அது வேறு கதை: அந்த வேலையை உள்ளூர் டிங்கரிடம் கொடுக்காதீர்கள், சரியாகும்வரை வண்டியைக் கொட்டகையை விட்டு நகர்த்தவும் செய்யாதீர்கள்.

வெட்டுவதற்கு முன் அளவு எடுப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பழுதுபார்த்த பழைய கார்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பாடியைக் கழற்றும் முன்பே கதவுகளின் இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் வெவ்வேறு கனத்தில் பட்டைகள் இருக்கும்; எந்தப் பட்டை எந்த இடத்தில் இருந்தது என்று தனித்தனிப் பையில் போட்டுக் குறித்துவையுங்கள். அவை கலந்துவிட்டால் கதவுகளைச் சரியாகச் சேர்க்கப் படாத பாடு படுவீர்கள். அடுத்து, சட்டத்தைச் சிமென்ட் தளத்தில் நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் நான்கு மூலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னும் பின்னும் உள்ள போல்ட் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளியிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன். அதற்கு மேல் போனால், பழைய விபத்து ஏதோ ஒளிந்திருக்கிறது. முதலில் அதை நிமிர்த்த வேண்டும்.

இனி தகடு. பெயின்டைச் சுரண்டிவிட்டு, நல்ல நிலையில் உள்ள ஓர் இடத்தில் வெர்னியரால் சட்டத்தின் கனத்தைப் பாருங்கள். எவ்வளவு இருக்கிறதோ அதே கனத்தில் மைல்டு ஸ்டீல் தகடு வாங்கி, கோவையில் பிரஸ் பிரேக் (தகடு மடிக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் பட்டறையில் மடித்து வாங்குங்கள். ஐந்து மில்லிமீட்டர் தகடு பலமாகத் தோன்றும்; ஆனால் மெல்லிய சட்டம் நெகிழும்போது அந்தத் தடித்த தகடு நெகிழாது, அழுத்தம் முழுவதும் வெல்டிங் ஓரத்தில் குவிந்து அங்கேயே விரிசல் விழும். கொட்டகைக் கூரைக்குப் போட்டு மிஞ்சிய ஜி.ஐ. ஷீட்டையும் யாராவது எடுத்துக்கொண்டு வருவார்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், இணைப்பும் பொத்தலாகும். அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இற்ற பகுதியை, பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கைகளை வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டி, புதியதைப் பொருத்தி, அளவு பார்த்து, பிறகுதான் அடுத்தது. ஒட்டுத் தகட்டின் மூலைகளை வட்டமாக்குங்கள். பிரதானச் சட்டத்தில் ஒட்டுப் போட நேர்ந்தால், இணைப்புக் கோடு சட்டத்துக்குக் குறுக்கே நேராக விழாமல் சாய்வாக இருக்கட்டும். கேஸ் வெல்டிங் சுற்றுப்புறம் முழுவதையும் சூடாக்கிச் சட்டத்தை முறுக்கிவிடும். கரியமில வாயுவின் காப்பில் கம்பியை மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் சி.ஓ.2 வெல்டிங்கே இதற்கு உகந்தது. அதிலும் ஒரே இழுப்பாக இழுக்காமல், ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, நடுநடுவே ஆறவிட வேண்டும். பெட்ரோல் டாங்க், குழாய்கள், பேட்டரி அனைத்தும் அதற்கு முன்பே கழன்றிருக்க வேண்டும். காலி டாங்க்கில் தங்கியிருக்கும் ஆவி, நிறைந்த டாங்க்கைவிட ஆபத்தானது.

முடிந்தபின் ஜிங்க் பிரைமர், எபாக்சி பிரைமர், அதன்மேல் பெயின்ட். பெட்டிச் சட்டத்தின் உள்ளே, அதற்கென்றே விற்கும் மெழுகை நீளக் குழாய் வழியாக அடியுங்கள். தண்ணீர் வடிவதற்காகத் தொழிற்சாலையிலேயே போட்ட சிறு துளைகளை அடைத்துவிடாதீர்கள். வேஸ்ட் ஆயில் பூசும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும்.

ஆர்.சி. விஷயத்தில், பழுதுபார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஜீப் சேஸிஸ் யோசனை அங்கேயே அடிபட்டுவிடுகிறது. மேலும், 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாமே தவிர தினசரி ஓட்டத்துக்கு அல்ல என்பதால், பொள்ளாச்சி சந்தைக்குப் போய்வர நினைத்தால் அது உங்களுக்கு ஏற்றதன்று. எதுவானாலும், சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் எண் தகட்டையும் வேலை தொடங்கும் முன் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது.

கேள்வி: கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு போய்விடும் என்கிறார்களே? – ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: போகும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளில் தங்கி, பெயின்ட் அடித்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியை வாங்குங்கள். அதையும் திறந்த பரப்பில் மட்டும் பூசுங்கள்.

கேள்வி: எங்கள் அம்பாசடருக்கு அடிச்சட்டம் எங்கே இருக்கிறது? வாசற்படி ஓரம் முழுவதும் இற்றுவிட்டது. – ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: அம்பாசடருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, அம்மா. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அந்தக் காரில் கூடே சட்டம். நீங்கள் சொல்லும் வாசற்படி ஓரந்தான் அதன் முதுகெலும்பு. கதவைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். வெட்டும் முன், கதவு வாசலின் குறுக்கே ஆங்கிள் இரும்பை மேலும் கீழும் போல்ட் போட்டு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடிந்து, கதவு பழையபடி சேர்கிறது என்று பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும்.