மூன்று அண்ணன் தம்பி கதைக்கு 3,000 டாலர் கொடுக்க வேண்டாம்

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவர் குடும்பம் பல தலைமுறையாகக் கிழக்கு டென்னசியில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கப்பலேறி வந்தார்கள் என்று மாமியார் சொல்வார். 1850 சென்சஸில் ஒரு முன்னோரைப் பிடித்துவிட்டோம்: வயது 62, பிறந்த இடம் வர்ஜீனியா. அதற்கு முன்னால் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனம் 3,000 டாலருக்கு ஸ்காட்லாந்துப் பிரபு வம்சம் வரை தலைமுறைப் பட்டியலும் குடும்பச் சின்னமும் தருகிறேன் என்கிறது. பிள்ளைகளுக்காகச் செய்து வைக்க ஆசை. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சின்னம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி கவசச் சின்னம் ஒரு தனி ஆளுக்குத்தான் சொந்தம். அந்தக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அல்ல. எடின்பரோவில் இதற்கென்றே லார்ட் லயன் நீதிமன்றம் இருக்கிறது, 1672 சட்டத்தின்படி பதிவேடு வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் சின்னத்தை அங்கே பயன்படுத்தினால் குற்றம். அதைக் கண்ணாடி போட்டு மாட்டி உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள்.

அடுத்து, பிரபு வம்சம். இந்த வியாபாரம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. நியூயார்க்கில் குஸ்தாவ் ஆஞ்ஜு என்று ஒருவர் இருந்தார், 1942-இல் இறந்தார். பணக்காரக் குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதிக் கொடுப்பது அவர் தொழில். உண்மையான ஆவணங்களை வரிசையாக அடுக்குவார். அட்லாண்டிக்கின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் இணைக்கும் ஆவணங்களைத் தானே கற்பனை செய்து நடுவில் செருகுவார். அவர் எழுதியவை இன்றைக்கும் இணையத்தில் உள்ள குடும்ப மரங்களில் கிளை விட்டுக்கொண்டிருக்கின்றன. ஒருவர் போட்ட தப்பை நானூறு பேர் நகலெடுத்தால் அது நானூறு சாட்சி ஆகிவிடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

மூன்று சகோதரர் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த ஊர்க் குடும்பத்தைக் கேட்டாலும் இதே மூன்று பேர்தான் வந்திருப்பார்கள். மாமியார் மனம் நோகச் சொல்லாதீர்கள்; ஆனால் அதை வைத்துத் தேட வேண்டாம். கிழக்கு டென்னசி மலைப்பகுதிக்கு வந்த பெரும்பாலோர் ஸ்காட்லாந்திலிருந்து நேராக வரவே இல்லை. 1600-களில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடியேறி, சில தலைமுறை அங்கே வாழ்ந்துவிட்டு, 1717-இலிருந்து 1775 வரை அலை அலையாகப் பிலடெல்பியாவிலும் டெலவேரின் நியூகாசிலிலும் வந்து இறங்கியவர்கள். பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பென்சில்வேனியாவில் 1727 முதல் எழுதிய பட்டியல்கள் ஜெர்மானியர்களுக்கானவை. அமெரிக்க அரசு முறையாகப் பயணிகள் பட்டியல் வாங்க ஆரம்பித்ததே 1820-இல். ஆகவே 'கப்பல் பெயர் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்பவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, உங்கள் 62 வயதுக்காரருக்கு வருவோம். அவர் 1788 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அவருக்கு முன்னால் ஒன்றும் கிடைக்காதது உங்கள் குறையில்லை. வர்ஜீனியாவின் 1790 சென்சஸ் தாள்கள் இல்லை. 1800-இல் இரண்டே கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மிஞ்சியிருக்கின்றன. டென்னசியில் 1800 போய்விட்டது, 1810 ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது, 1820-இல் கிழக்குப் பகுதி போய்விட்டது. 1850-க்கு முந்தைய சென்சஸ் எதிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. ஒரு நாடு தன் குடிமக்களின் கணக்கை இவ்வளவு அசட்டையாக வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. மிஞ்சிய பொது ஆவணங்களையும் பல இடங்களில் மாதச் சந்தா வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் நிறைய இலவசமாகவே கிடைக்கிறது, அங்கே ஆரம்பியுங்கள். ஆனால் அங்குள்ள மரத்தைத் தொடாதீர்கள், ஆவணப் படங்களை மட்டும் பாருங்கள்.

வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரத்தைக் கேட்டு ஒவ்வொரு கைமாற்றமாகப் பின்னோக்கிப் போவோம் இல்லையா, அதே வேலைதான் இதுவும். எல்லைப்புறத்தில் ஆளைப் பெயரால் பிடிக்க முடியாது. நிலத்தாலும் வரியாலும்தான் பிடிக்க வேண்டும்.

வர்ஜீனியாவில் 1782 முதல் வருஷா வருஷம் சொத்து வரிப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் குடும்பத் தலைவர் பெயர், அவர் பொறுப்பில் 16 வயது தாண்டிய வெள்ளை ஆண்கள் எத்தனை, அடிமைகள் எத்தனை, குதிரை எத்தனை என்று இருக்கும். உங்கள் ஆள் 1804 வாக்கில் 16 வயதைத் தொட்டிருப்பார். அதனால் அதே குடும்பப் பெயரில் யாருடைய பதிவில் அந்த வருஷத்தை ஒட்டி ஆண் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது என்று பாருங்கள். 21 வயதில், அதாவது 1809 வாக்கில், இவர் பெயர் தனியாக வர வேண்டும். (1808-க்குப் பட்டியலே கிடையாது, அந்த வருஷம் வரி வசூலிக்கவில்லை, தொலைந்துவிட்டதோ என்று தேடி அலைய வேண்டாம்.) பல பட்டியல்களில் வரி அதிகாரி வந்த தேதியும் இருக்கும். ஒரே தேதியில் பதிவானவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' என்றிருந்தால் மகன் என்று முடிவு கட்டாதீர்கள். அதே ஊரில் அதே பெயரில் வயதில் இளையவர், அவ்வளவுதான்.

எந்தக் கவுண்டி என்று கேட்பீர்கள். ஹோல்ஸ்டன் ஆற்றுப் பாதையில் டென்னசிக்குள் இறங்கிய குடும்பங்கள் மிக அதிகம் என்பதால் அபிங்டனைத் தலைநகராகக் கொண்ட வர்ஜீனியாவின் வாஷிங்டன் கவுண்டியில் தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கை: அங்கே ஒரு விவசாயி இடத்தைவிட்டு அசையாமலே 1769-இல் அகஸ்டா கவுண்டியிலும், 1770-இல் பாட்டடோர்ட்டிலும், 1772-இல் ஃபின்காசிலிலும், 1777-இல் வாஷிங்டனிலும் இருந்திருப்பார். பத்திரம் அந்தந்தக் காலத்துக் கவுண்டியில்தான் இருக்கும். 1788-இல் 'வர்ஜீனியா' என்றால் இன்றைய கென்டக்கியும் அதில் அடக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பத்திரங்களில் இரண்டு வகை தங்கம். ஒன்று, 'அன்பின் காரணமாகவும் ஒரு டாலருக்கும்' என்று அப்பா மகனுக்கு எழுதிக் கொடுத்தது. இன்னொன்று, உயில் எழுதாமல் அப்பா இறந்த பிறகு வாரிசுகள் எல்லோரும், மருமகன்கள் உட்பட, சேர்ந்து கையெழுத்துப் போட்டு விற்றது. இரண்டாவது கிடைத்தால் ஒரே தாளில் முழுக் குடும்பமும் வந்துவிடும். அப்புறம், அவருடைய அப்பா சுதந்திரப் போரில் இருந்திருந்தால் 1832 ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் மனு போட்டிருக்கலாம். எங்கே, எந்த வருஷம் பிறந்தாய், போருக்குப் பிறகு எங்கெல்லாம் வாழ்ந்தாய் என்று நீதிமன்றத்தில் கேட்டு எழுதிய பதில்கள் அதில் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். குடும்பம் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தால் கணக்கே மாறிவிடும். அங்கே 1739 முதல் குடியேறிய ஹைலேண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) மக்கள் ஸ்காட்லாந்திலிருந்து நேராக வந்தவர்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறுவதைப் பார்த்துப் பயந்த பிரிட்டிஷ் அரசு, 1773 கடைசியிலிருந்து சுங்க அதிகாரிகளை வைத்துப் பெயர், வயது, ஊர், போகும் காரணம் எல்லாம் எழுதச் சொன்னது. 'பேச்சலர் ஆஃப் லீத்' என்ற கப்பல் வில்மிங்டனுக்குக் கிளம்பி, புயலில் சிக்கி, ஷெட்லாந்தில் குளிர்காலம் முழுக்க முடங்கிக் கிடந்தது. 1774-இல் லெர்விக்கில் அந்தப் பயணிகளை விசாரித்திருக்கிறார்கள். குத்தகையை ஏற்றிவிட்டார்கள், மாடு விலை விழுந்துவிட்டது, தானியம் எட்டாத விலை என்று ஒவ்வொருவரும் சொன்னது லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் அதே பெயர் இருந்தது என்பதற்காக உங்கள் ஆள் என்று ஒட்டிவிடாதீர்கள். இந்தக் கரையில் அவர் நிலம் வாங்கியதும் அந்தக் கரையில் கிளம்பியதும் பொருந்த வேண்டும்.

மரபணுச் சோதனையில் வரும் 'ஸ்காட்லாந்து 34 சதவீதம்' போன்ற கணக்கு ஒரு முன்னோரையும் காட்டாது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனையைக் கணவர் செய்து, அதே குடும்பப் பெயர்க்காரர்களோடு ஒப்பிட்டால், எந்தக் கிளை இல்லை என்பதாவது தெரியும்.

ஆள் வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்தக் கவுண்டி ஆவணங்களில் பழகிய ஒருவரை மணிக்கணக்கில் அமர்த்துங்கள். 'எங்கள் வம்சத்தைக் கண்டுபிடி' என்று சொல்லாதீர்கள். 'வாஷிங்டன் கவுண்டி வரிப் பட்டியலில் 1800 முதல் 1812 வரை இந்தக் குடும்பப் பெயரில் உள்ள எல்லாப் பதிவுகளையும், பக்கத்தின் படத்தோடு, தேதியோடு எடுத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டாலும் எங்கெங்கே தேடினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். பக்கத்தின் படம் தர மறுப்பவருக்கு ஒரு டாலரும் கொடுக்காதீர்கள்.