ஈய உருண்டையும் ரவைக் கோதும்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (உப்புவெளி): மழைக்குப் பின் கடற்கரையோரமாக ஓர் ஈய உருண்டை கிடைத்தது. வெண்சாம்பல் நிறம், விட்டம் 17.5 மி.மீ., எடை 31 கிராம். ஒல்லாந்தர் காலத்ததா, ஐயா?

பதில்: அளந்தும் நிறுத்தும் எழுதியதற்கு நன்றி. படத்தை மட்டும் அனுப்பி ஆண்டு கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அந்த விட்டமுள்ள தனி ஈய உருண்டை ஏறக்குறைய 32 கிராம் நிறுக்கும் என்பதால், உங்களுடையது பெரும்பாலும் கலப்பற்ற ஈயமே. குறைந்த ஒரு கிராமை மணலும் உப்பும் தின்றிருக்கலாம். பிரித்தானியரின் பிரவுண் பெஸ் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 19 மி.மீ. கரிமருந்துக் கசடு படிந்த குழலுக்குள்ளும் தடையின்றி இறங்க வேண்டும் என்பதற்காக, அதற்குரிய குண்டைச் சற்றுச் சிறிதாக, 17.5 மி.மீ. அளவில் வார்த்தார்கள். பிரெஞ்சுக்காரரின் ஷார்லவில் துப்பாக்கியிலோ குழலே 17.5 மி.மீ. தான், உங்கள் உருண்டை அதற்குள் இறங்கவே இறங்காது. அவர்களுடைய குண்டு 16 மி.மீ. சொச்சமாகவும் 25 கிராம் அளவிலும் இருக்கும். ஒல்லாந்தக் கம்பனியின் துப்பாக்கிகள் ஒரே அளவானவை அல்ல என்பதால் அவர்களை முற்றாக விலக்க மாட்டேன். ஆயினும் என் சாய்வு பிரித்தானியர் பக்கமே.

ஆண்டு சொல்வது இதைவிடச் சிக்கலானது. 1782 சனவரியில் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் கடற்படைத் தளபதி சுஃப்ரனின் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றியது. பின்னர் ஒல்லாந்தரிடம் திரும்பிய கோட்டை 1795 இல் மீண்டும் பிரித்தானியர் வசமானது. அதன் பின்னரும் பல பத்தாண்டுகளுக்குக் காவற்படையினர் அதே வகைத் துப்பாக்கியால்தான் குறி பார்த்துப் பழகினார்கள். ஆகவே கிடைத்த குண்டெல்லாம் போர்க்குண்டு என்று எண்ண வேண்டாம். நடுவே வார்ப்பச்சின் மெல்லிய வரம்பும் ஒரு பக்கத்தில் வெட்டிய தழும்பும் தெளிவாக இருந்து, எங்கும் தட்டையாகாமலும் இருந்தால், அது சுடப்படாமலே யாரோ ஒருவரின் பையிலிருந்து விழுந்தது.

கேள்வி (கின்னியா): தேசிக்காய்ச் சாறு விட்டுத் தேய்த்தால் ஈயக் குண்டு பளபளக்குமா?

பதில்: பளபளக்கும், அத்துடன் அதன் வயதைக் காட்டும் வெண்படலமும் போய்விடும். அந்தப் படலம் நஞ்சு. வெறும் நீரில் மெதுவாகக் கழுவி, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சிறுவர்கள் போளை அடிக்க எடுத்துவிடாதபடி மூடி வையுங்கள்.

கேள்வி (மூதூர்): தோட்டக்காணியில் கூர்முனை ரவை ஒன்று கோதுடன் முழுதாகக் கிடக்கிறது. எந்த நாட்டுடையது?

பதில்: நாடு எதுவானாலும் அதைத் தொடாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு விலகி, 119 இற்கு அறிவியுங்கள். போர் நடந்த மண்ணில் ஒரு ரவை கிடந்தால் அருகில் வேறென்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதும் மிதிவெடி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கேள்வி (சீனன்குடா): அடியில் விளிம்புள்ள பித்தளை ரவைக் கோது, நீளம் 56 மி.மீ. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானம் சுட்டது என்று அப்பப்பா சொல்வார். உண்மையா?

பதில்: அளவு பிரித்தானியரின் 303 (0.303 அங்குலத் துப்பாக்கி) ரவைக் கோதுக்குரியது.

இடையீடு (தம்பலகாமம்): அப்படியானால் ஜப்பான் கதை பொய் என்று நேராகவே சொல்லிவிடலாமே! ஜப்பானின் 7.7 மி.மீ. ரவைக்கு 58 மி.மீ. நீளக் கோது, விளிம்பும் இல்லை.

பதில்: நீங்கள் சொல்வது ஜப்பானியத் தரைப்படையின் ரவை. அன்று திருகோணமலையைத் தாக்கியவை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த கடற்படை விமானங்கள். ஜப்பானியக் கடற்படை பிரித்தானிய விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியைத் தழுவியே தன் விமானத் துப்பாக்கியைச் செய்தது. ரவையும் 303 இன் நகல்தான். ஆகவே விளிம்பும் 56 மி.மீ. நீளமும் இரு தரப்புக்கும் பொது; அளவுகோலால் மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

இடையீடு (தம்பலகாமம்): அப்படியென்றால் அப்பப்பா சொன்னதே சரி.

பதில்: அதுவும் இல்லை. அன்று சீனன்குடாவிலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிகேன் விமானங்களும் 303 ரவைதான் சுட்டன. வெறுங்கோதுகள் இறக்கைக்குக் கீழிருந்து தரையில் கொட்டின. போதாததற்கு, அந்த உலக யுத்தம் முடிந்த பின்னரும் இந்த நாட்டில் பொலிசாரும் ஊர்காவற்படையினரும் 303 துப்பாக்கியை வைத்திருந்தார்கள். கோதின் அடித்தட்டை மெல்லிய தூரிகையால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்: உரோம எண்ணில் ஏழும், தயாரித்த ஆலையின் எழுத்தும், ஆண்டின் இலக்கங்களும் தெரிந்தால் பிரித்தானியம். அந்த ஆண்டு 1942 இற்குப் பிந்தியதென்றால் அப்பப்பாவின் கதைக்கும் இந்தக் கோதுக்கும் தொடர்பில்லை.

கேள்வி (சீனன்குடா, மீண்டும்): அடித்தட்டில் துரு மட்டும்தான் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவா?

பதில்: பித்தளையில் வருவது களிம்பு, துரு அல்ல. காந்தம் ஒட்டினால் அது இரும்புக் கோது, அப்படியானால் நாம் இவ்வளவு நேரமும் வேறு பொருளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். உப்புத்தாள் வேண்டாம்.

கேள்வி (நிலாவெளி): ஈயக் குண்டில் பல் தடங்கள் உள்ளன. காயப்பட்ட சிப்பாய் வலியில் கடித்ததா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது. பிற நாட்டுப் போர்க்களங்களில் கிடைத்த இத்தகைய குண்டுகளில் பல, பன்றிகள் கிளறிக் கடித்தவை. நிலாவெளிக் காடுகளில் பன்றிக்குக் குறைவில்லை.

கேள்வி (திருகோணமலை நகரம்): 9 சென்ரிமீற்றர் இரும்பு உருண்டை. நிறுத்துச் சொல்லட்டுமா?

பதில்: இதை நிறுக்க வேண்டாம், தூக்கவும் வேண்டாம். திண்ம இரும்பானால் அது 6 இறாத்தல் பீரங்கிக் குண்டின் அளவு, ஏறக்குறைய 2.7 கிலோ. ஆனால் உள்ளே குடைந்து வெடிமருந்து அடைத்த குண்டுகளும் இருந்தன. அவற்றின் திரித்துளை துருவால் மூடப்பட்டிருக்கும், மருந்து பல காலமானாலும் சாகாது. 119 இற்கே அறிவியுங்கள்.

கேள்வி (பெயரில்லை): புளி போட்டுக் கழுவலாமா?

பதில்: கின்னியாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (பெயரில்லை): இவற்றுக்கு என்ன விலை கிடைக்கும்?

பதில்: விலை பற்றிப் பேச மாட்டேன்.

கேள்வி (குச்சவெளி): உலோகம் தேடும் டிடெக்டர் எது வாங்கலாம், அண்ணா? பிரட்ரிக் கோட்டைச் சுற்றாடலில் தேடலாமா?

பதில்: தொல்பொருட்களைத் தேடி அனுமதிப்பத்திரம் இன்றித் தோண்டுவது தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம், கோட்டைக்குள் இராணுவமும் இருக்கிறது. கருவி வாங்குமுன் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள், தம்பி.