கிணறு உப்பானால் கொசு ஏன் கூடுகிறது?

கேள்வி: கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. கிணற்று நீர் வருடா வருடம் உப்பேறுகிறது. அதனால் மழைநீரையும் விலைக்கு வாங்கும் தண்ணீரையும் டிரம்களில் பிடித்து வைக்கிறோம். கடல் மட்டம் உயர்ந்தால் தொற்றுநோய்கள் கூடும் என்கிறார்களே, உண்மையா? அப்பாவுக்குச் சர்க்கரை நோய். முகத்துவாரத்தில் இறங்கி மீன் பிடிப்பவர். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: உண்மைதான். ஆனால் கடல் வாசலுக்கு வந்த பிறகுதான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைக்கும் இடங்களில் இந்தச் சின்ன உயர்வும் உப்புநீரை இன்னும் உள்ளே தள்ளிவிடும். கிணறு உப்பானதும் மக்கள் நல்ல தண்ணீரைச் சேர்த்து வைக்கிறார்கள். டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவதும் அந்தத் தண்ணீரைத்தான். எனவே உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது டிரம்களை.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்குகிறது. டெங்கு நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் இதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரமே போதும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. முன்பெல்லாம் வைரஸ் முதிர்வதற்குள் செத்துப்போன கொசுக்களில் பல இப்போது கடிக்க மிஞ்சுகின்றன.

அதற்காக, வெயில் ஏற ஏற எல்லா நோயும் ஏறும் என்று சொல்லிவிட முடியாது. மலேரியா பரவ 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் தோதானது, டெங்குவுக்கு 29 டிகிரியை ஒட்டி. அதையும் தாண்டிக் கொளுத்தினால் கொசுவே தாங்காது.

ஏடிஸ் நல்ல நீரில்தான் வளரும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இலங்கையின் கரையோரப் பகுதிகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, உவர்நீரிலும் அதன் புழுக்கள் வளர்வதைக் காட்டியது. ஆகவே உப்பாகிவிட்டதென்று நீங்கள் கைவிட்ட கிணற்றுக்கும் வலை போடுங்கள்.

டிரம்களுக்கு இறுக்கமான மூடி வேண்டும். வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். வெப்பக் காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை என்று சொல்வது அதனால்தான்.

வெள்ளம் வந்தால் செப்டிக் டேங்க் கழிவு கிணற்றில் கலக்கும். முகத்துவார நீரில் இயல்பாகவே வாழும் காலரா கிருமிக்கு அது நல்ல வாய்ப்பு. குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். கிருமி சாகும், ஆனால் உப்பு போகாது. குளோரினும் உப்பை நீக்காது.

சரி, அப்பா விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். காலரா கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த விப்ரியோ வல்னிஃபிகஸ், வெதுவெதுப்பான உவர்நீரில் பெருகுவது. 2014-இல் கோடை வெப்பம் கடுமையாக இருந்தபோது பால்டிக் கடலோரம், சுவீடனிலும் பின்லாந்திலும்கூட விப்ரியோ தொற்றுகள் கூடின. வல்னிஃபிகஸ் சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். தொற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார். சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

காலில் புண் இருக்கும் நாட்களில் அவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. மற்ற நாட்களில் காலுக்குப் பூட்ஸ், கைக்கு உறை அவசியம். தண்ணீருக்குள் முள் குத்தினால் உடனே சோப்பும் சுத்தமான நீரும் போட்டுக் கழுவ வேண்டும். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, வேகமாகப் பரவும் சிவப்பு, கொப்புளம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் "உவர்நீரில் இறங்கினேன்" என்று அவரே முதலில் சொல்லட்டும். எந்த ஆன்டிபயாடிக் தருவது என்ற முடிவே அதனால் மாறலாம்.

அப்புறம், காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை யாரும் ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ போட வேண்டாம், பாராசிட்டமால் போதும். அப்பா ஏற்கனவே ஆஸ்பிரின் எடுப்பவரென்றால் மருத்துவரைக் கேளுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. அப்போது கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவு கடந்த சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ள நீரில் நடந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலடித்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.